வீதியிலும் ஐந்தாம் கட்டளை உண்டு

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பங்கொன்றில், பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்ற நேர்ந்தது. மோட்டார் சைக்கிளில் சென்றவன் வீதி வளைவொன்றில் மதகுக் கட்டுடன் மோதி உயிரிழந்தான். சேமக்காலையிலிருந்து எல்லோரும் திரும்பிய பின்னர் அவனுடைய தாயார் என்னிடம் வந்து, “மோட்டார் சைக்கிளை நான்தான் வாங்கிக் குடுத்தனான், சுவாமி. ஓடப் பழகினவனோ எண்டு நான் ஒருநாளும் கேட்கேல்லை” என்றார்.

நான் சொல்லக்கூடிய ஆறுதல் மொழிகளையெல்லாம் சொன்னேன். ஆயினும் அந்தத் தாயின் வார்த்தைகள் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை. ஏனெனில் அந்தக் கேள்வியை அவர் மட்டுமல்ல, நாம் எவருமே கேட்பதில்லை. விபத்து நடந்தால் “விதி” என்கிறோம். “காலம் சரியில்லை” என்கிறோம். சில வேளைகளில் “ஆண்டவருடைய சித்தம்” என்றும் சொல்லிவிடுகிறோம். நம்முடைய அவசரத்தையும் அறியாமையையும் ஆண்டவர்மீது சுமத்துவது முறையாகுமா? இதனை இவ்வாரப் பாடத்தில் சற்று ஆராய்வோம்.

முதலாவது பலி

1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி, இலண்டன் மாநகரின் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் பிரிஜெற் டிறிஸ்கொல் என்ற பெண்மணி தம் மகளுடன் நடந்து சென்றார். மோட்டார் வண்டி அக்காலத்தில் மக்கள் வேடிக்கை பார்க்கும் புதுமையாக இருந்தது. பொதுமக்களை ஏற்றிச் சவாரி காட்டிக்கொண்டிருந்த அத்தகைய வண்டியொன்று மோதியதால் அவர் உயிரிழந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டி மோதி இறந்த முதலாவது பாதசாரி இவரே.

அந்த வண்டியின் வேகம் மணிக்கு நான்கு மைல் என்று அதன் சாரதி கூறினார். விறுவிறுப்பாக நடக்கும் ஒருவரின் வேகம் அது. சாரதி வண்டி ஓட்டத் தொடங்கி மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அனுமதிப்பத்திரம் என்ற ஒன்று அப்போது இல்லை. விசாரணையின் முடிவு “தற்செயலான மரணம்” என்பதாக அமைந்தது. இத்தகைய சம்பவம் இனி ஒருபோதும் நிகழாதென நம்புவதாக மரண விசாரணை அதிகாரி தெரிவித்தார்.

அந்த நம்பிக்கை எவ்வாறு பொய்த்தது என்பதை நாம் அறிவோம். உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களில் மடிகின்றனர். 5 வயது முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு முதற் காரணம் வீதி விபத்தே. நமது நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 38,000 விபத்துக்களும் ஏறக்குறைய 3,000 மரணங்களும் நிகழ்வதாக உலக வங்கி 2020ஆம் ஆண்டில் கணக்கிட்டது. அதன் பின்னரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை நம் வீதிகள் பறித்து வருகின்றன.

அந்த முதல் விபத்தில் இருந்த இரண்டு அம்சங்களைக் கவனியுங்கள். ஒன்று, வண்டியின் வேகம் பற்றிய கேள்வி. மற்றது, சாரதியின் பயிற்சி பற்றிய கேள்வி. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்விரண்டு கேள்விகளும் அப்படியே நம்முன் நிற்கின்றன.

வேகத்தின் கணக்கு

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரம் ஓடுகிறது. மாடொன்றோ பிள்ளையொன்றோ வீதியின் குறுக்கே வருவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிறேக்கை மிதிப்பதற்கு ஒரு வினாடியாவது செல்லும். களைத்தவருக்கும் மது அருந்தியவருக்கும் கைத்தொலைபேசியில் பேசுபவருக்கும் இன்னும் கூடுதலாகச் செல்லும். ஆகவே பிறேக் பிடிப்பதற்கு முன்னரே வாகனம் 14 மீற்றர் ஓடிவிடுகிறது. பிறேக் பிடித்த பின், நல்ல டயரும் காய்ந்த வீதியுமாயின், இன்னும் 14 மீற்றர் அளவில் சென்றே நிற்கும். மொத்தம் 28 மீற்றர்.

அதே வாகனம் 70 கி.மீ. வேகத்தில் வருமாயின் எவ்வளவு தூரம் தேவை? வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. தூரமும் அதே அளவில்தான் கூடும் என்று நினைப்போம். அப்படியல்ல. பிறேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் அத்தூரம் நான்கு மடங்காகும். எனவே 70 கி.மீ. வேகத்தில் வருபவர் நிற்பதற்கு 46 மீற்றர் வேண்டும். மழை பெய்து வீதி நனைந்திருந்தால் இன்னும் அதிகம்.

இதனை வேறு விதமாகவும் பார்க்கலாம். இருவர் அருகருகே வருகின்றனர். ஒருவர் 50இலும் மற்றவர் 70இலும் வருகின்றனர். 28 மீற்றருக்கு அப்பால் பிள்ளையொன்று வீதியில் இறங்குகிறது. இருவரும் ஒரே கணத்தில் காண்கின்றனர். ஒரே கணத்தில் பிறேக் பிடிக்கின்றனர். முதலாமவர் பிள்ளையின் அருகே நின்றுவிடுகிறார். அதே இடத்தில் மற்றவரின் வாகனம் இன்னும் ஏறக்குறைய 58 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்! “பிறேக் பிடிச்சும் நிக்கேல்லை” என்று விபத்துக்குப் பின் பலர் சொல்வது பொய்யல்ல. பிழை பிறேக்கில் இல்லை. பிறேக்கை மிதிப்பதற்கு முன்னரே நடந்துவிட்டது.

மோதலின் வலிமையை அறிய நமது பனைமரமே போதும். 30 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது வீட்டுக் கூரையிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். 50 கி.மீ. வேகத்தில் மோதுவது பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது பனையின் பாதியிலிருந்து விழுவது போன்றது. 70 கி.மீ. என்பது ஏறத்தாழ 19 மீற்றர். அது வளர்ந்த பனையின் வட்டிலிருந்து விழுவதே. பனையில் ஏறும் தொழிலாளி தளைநாரைச் சரிபார்க்காமல் கால் வைப்பதில்லை. நாமோ தலைக்கவசத்தின் பட்டியைக்கூடப் பூட்டாமல் பனை உயரத்துக்கு ஏறிவிடுகிறோம்.

ஐந்து நிமிடத்தின் விலை

இலங்கையில் கார், வான் போன்ற வாகனங்களுக்குக் குடிமனைப் பகுதிகளில் மணிக்கு 50 கி.மீ., அதற்கு வெளியே 70 கி.மீ. என்று வேகவரையறை உண்டு. முச்சக்கர வண்டிக்கு 40 கி.மீ. அதிவேக நெடுஞ்சாலைகளில் 100 கி.மீ. ஆகக் கூடிய எல்லையாகும். எல்லை என்பது அந்த வேகத்தில் ஓடியே ஆகவேண்டும் என்ற கட்டளையன்று. பாடசாலை வாசலில், சந்தையடியில், இரவு மழையில் 50கூட அதிகமே.

பதினைந்து கி.மீ. தூரத்தை 50இல் ஓடினால் 18 நிமிடங்களில் சென்றடையலாம். 70இல் ஓடினால் 13 நிமிடங்கள். சந்திகளும் வளைவுகளும் கட்டாக்காலி மாடுகளும் குறுக்கிடும் நமது வீதிகளில் உண்மையில் மிச்சமாவது இதனிலும் குறைவே. அந்த ஐந்து நிமிடத்துக்காக நாம் வைக்கும் பணயம் என்ன? சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், உயிர்ப்பலி நேரும் விபத்துக்கான ஆபத்து நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இதனைப் பிறருக்குச் சொல்லும் நானும் குற்றமற்றவனல்லன். ஞாயிறு காலையில் பங்குக் கோவிலில் முதற் திருப்பலியை முடித்துக்கொண்டு, துணை ஆலயத்துக்கு மோட்டார் சைக்கிளில் விரைவது என் வழக்கமாக இருந்தது. ஒருநாள் ஒழுங்கையொன்றிலிருந்து சிறுமி ஒருத்தி சைக்கிளில் வேகமாக வெளியே வந்தாள். பிறேக்கை மிதித்தேன், வண்டி சறுக்கி நான் வீதியோரத்து மணலில் விழுந்தேன். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. நடுங்கிக்கொண்டு நின்றவளிடம் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். “பூசைக்குப் பிந்தினால் நீங்கள் ஏசுவீங்கள் எண்டு ஓடி வந்தனான், சுவாமி” என்றாள்.

என்னுடைய அவசரத்துக்கும் அவளுடைய அவசரத்துக்கும் காரணம் நானே என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அடுத்த ஞாயிறு முதல் இரண்டாம் திருப்பலியின் நேரத்தைக் கால் மணி பின்போட்டேன். முதற் திருப்பலியின் பிரசங்கத்தையும் சுருக்கினேன். இரண்டாலும் மக்கள் நன்மையடைந்தனர் என்றே நம்புகிறேன்.

ஆகவே வேகம் சாரதியிடம் மட்டும் பிறப்பதில்லை. நேர அட்டவணையில் பிறக்கிறது. முதலாளியின் கண்டிப்பில் பிறக்கிறது. பின்னால் வரும் பஸ் முந்திவிட்டால் பயணிகளை இழப்போம் என்ற போட்டியில் பிறக்கிறது.

சட்டம் வந்த வரலாறு

வேகவரையறையும் சாரதிப் பரீட்சையும் பொலிசார் தண்டப்பணம் அறவிட ஏற்படுத்திய சூழ்ச்சி என்று கருதுவோரும் உளர். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது.

பிரித்தானியாவில் முன்னர் மணிக்கு 20 மைல் என்றிருந்த எல்லையை எவரும் மதிக்கவில்லை என்ற காரணத்தால், 1930ஆம் ஆண்டின் சட்டம் கார்களுக்கான வேக எல்லையையே நீக்கிவிட்டது. சாரதிகளுக்குப் பரீட்சையும் இல்லை. 1934ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் மாண்டவர்கள் 7,343 பேர். அப்போது அங்கே ஓடிய வாகனங்கள் இருபத்தைந்து இலட்சம்கூட இல்லை. இந்தப் பேரிழப்பைக் கண்ட பின்னரே, 1935ஆம் ஆண்டு மார்ச் மாதம் குடிமனைப் பகுதிகளில் 30 மைல் எல்லை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் முதலாந் திகதியிலிருந்து புதிய சாரதிகளுக்குப் பரீட்சை கட்டாயமாயிற்று. பயிலுநர் வண்டியில் தொங்கும் ‘எல்’ பலகையும் அந்த ஆண்டில் வந்ததே. இன்று அங்கு ஓடும் வாகனங்கள் நான்கு கோடிக்கு மேல். 2023ஆம் ஆண்டில் வீதிகளில் இறந்தவர்களோ சுமார் 1,600 பேர். சட்டம், பயிற்சி, நல்ல வீதி, நல்ல வாகனம், விரைந்த வைத்தியம் ஆகிய அனைத்தும் சேர்ந்து தந்த பயன் இது.

சுவீடன் நாட்டின் பாராளுமன்றம் 1997இல் ஒரு படி மேலே சென்றது. வீதியில் ஒருவர்கூட இறப்பதை ஏற்றுக்கொள்ள முடியாது என்பதை அரசின் கொள்கையாக்கியது. மனிதன் தவறு செய்வான். அத்தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக்கூடாது. வீதியையும் வேகத்தையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நமது வீதிகளை அமைப்போரும் இதனைக் கவனிப்பது நன்று. பழைய வீதி அகன்று வழுவழுப்பாகியதும் வேகம் கூடுகிறது; ஆனால் அதனோரத்துப் படலைகளும் பாடசாலைகளும் நடந்து செல்பவர்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றனர்.

பத்திரமா, பயிற்சியா?

நான் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பரீட்சை நாளன்று மைதானத்தில் காலூன்றாமல் எட்டு வடிவில் ஓடிக் காட்டினேன். கார் பழக்கியவர், பரீட்சை நடைபெறும் வீதியிலேயே என்னைத் திரும்பத் திரும்ப ஓட வைத்தார். எந்த மரத்தடியில் கியர் மாற்றவேண்டும் என்பதும் எனக்கு மனப்பாடம். சித்தியும் அடைந்தேன். ஆனால் இருட்டில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசும்போது என்ன செய்வது, மழையில் எவ்வளவு இடைவெளி விடுவது, லொறியை எப்போது முந்தக்கூடாது என்பவற்றை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. வீதிதான் கற்பித்தது. வீதி கற்பிக்கும் பாடத்தின் கட்டணம் சில வேளைகளில் மிக அதிகம்.

நமது நாட்டில் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து பயிலுநர் அனுமதி பெற்றவர், மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றலாம். அந்த மூன்று மாதமும் பழகுவதற்காக உள்ள காலம். நம்மில் பலர் அதனைக் காத்திருக்கும் காலமாகக் கழித்துவிட்டு, கடைசி வாரத்தில் சில மணித்தியாலங்கள் பழகிப் பரீட்சைக்குச் செல்கின்றனர்.

இங்கும் சுவீடன் நாட்டின் அனுபவம் பயன் தரும். 1993ஆம் ஆண்டில் அங்கு, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் வாகனம் ஓடிப் பழகும் வயதை பதினேழரையிலிருந்து 16ஆகக் குறைத்தனர். அனுமதிப்பத்திரம் பெறும் வயது 18ஆகவே இருந்தது. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 120 மணித்தியாலங்கள் பழகினர். மற்றவர்கள் பழகியது 50 மணித்தியாலத்துக்கும் குறைவு. நீண்ட காலம் பழகியவர்களிடையே, பத்திரம் பெற்ற பின் நேர்ந்த விபத்துக்கள் குறைந்திருந்தன என்று ஆய்வாளர் கண்டனர். புதிய சாரதிக்கு மிக ஆபத்தான காலம், பத்திரம் பெற்றுத் தனியே ஓடத் தொடங்கும் முதல் மாதங்களே. இதனாலேயே நியூசீலாந்து 1987ஆம் ஆண்டு முதல் புதிய இளஞ்சாரதிகளுக்குப் படிப்படியாக உரிமை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. இரவில் தனியே ஓடுவதும், நண்பர்களை ஏற்றிச் செல்வதும் தொடக்கத்தில் கட்டுப்படுத்தப்பட்டன.

இதைச் செய்ய நமது நாட்டில் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தந்தையோ மாமனோ அருகில் அமர்ந்து பழக்கலாம். “முதல் ஆறு மாதம் இரவில் வேண்டாம், பின்னால் ஆளை ஏற்ற வேண்டாம்” என்று வீட்டிலேயே சட்டம் இயற்றலாம்.

பின்னிருக்கையில் இருப்போரின் பொறுப்பு

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் திகதி, பொல்கஹவெலவுக்கு அண்மையில் யங்கல்மோதர புகையிரதக் கடவையைக் கடக்க முயன்ற பஸ் மீது புகையிரதம் மோதியதில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்றோரின் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் பலியாயினர். வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களும், மகிழ்வோடு பயணம் புறப்பட்டவர்களுமே இவர்கள்.

நாமும் மடுத் திருவிழாவுக்கு வான் அமர்த்திச் செல்கிறோம். எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்கிறோம். வாடகை எவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். சாரதி நேற்றிரவு நித்திரை கொண்டாரா என்று கேட்கிறோமா? வானில் புனித கிறிஸ்தோப்பரின் சுரூபமும் அந்தோனியாரின் படமும் இருக்கின்றன; அது நல்லதே. ஆனால் தேய்ந்த டயரைப் புனிதர் மாற்றித் தருவார் என்று எதிர்பார்ப்பது பக்தியாகாது.

மனச்சாட்சியின் கேள்வி

கொலையை விலக்கும் ஐந்தாம் கட்டளையைப் பற்றிப் பேசும்போது நாம் கத்தியையும் துப்பாக்கியையும் நினைக்கிறோம். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், மதுபோதையாலோ வேகத்தின் மீதுள்ள மோகத்தாலோ வீதியில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் பாரதூரமான குற்றத்துக்கு உள்ளாகின்றனர் என்று இதே கட்டளையின் கீழ் போதிக்கிறது. விபத்து நேர்ந்தால் மட்டும் குற்றம் என்று அது கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆபத்து விளைவிப்பதே குற்றம்.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கான் வெளியிட்ட வீதி மேய்ப்புப்பணி வழிகாட்டியும் சாரதிகளுக்கெனப் பத்துக் கட்டளைகளைத் தந்தது. அவற்றுள் முதலாவது கொலையை விலக்குவதே. வாகனத்தை அதிகாரத்தின் அடையாளமாக்கக் கூடாது, விபத்தில் சிக்கியவருக்கு உதவ வேண்டும், வீதியில் வலிமை குறைந்தவரைக் காக்க வேண்டும், ஓடத் தகுதியற்ற நிலையில் உள்ளவரை அன்போடு தடுக்க வேண்டும் என்பனவும் அவற்றுள் அடங்கும். பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தையும் பொய்யையும் அறிக்கையிடும் நாம், வீதியில் செய்தவற்றை அறிக்கையிடுவது அரிது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பழகாத பிள்ளைக்கு வாகனத்தின் திறப்பைக் கொடாதீர்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் பணத்தில் முதலில் பயிற்சிக்கும் தலைக்கவசத்துக்கும் ஒதுக்குங்கள். பின்னரே மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுங்கள்.

2. தலைக்கவசத்தை முறையாக அணிந்து பட்டியைப் பூட்டுங்கள். அது இறப்பின் ஆபத்தை ஆறில் ஒன்றுக்கும் கீழாகக் குறைக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நடுவில் இருக்கும் சின்னப்பிள்ளைக்கும் தலை உண்டு.

3. காரில் ஆசனப்பட்டி அணியுங்கள்.

4. ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். வீதியில் தேடும் ஐந்து நிமிடம் வீட்டிலேயே கிடைக்கும்.

5. கலியாண வீட்டில் மது அருந்தியவரை ஓட விடாதீர்கள். திறப்பை வாங்கி வைப்பது அவமரியாதையல்ல.

6. பஸ்சிலோ வானிலோ சாரதி மட்டுமீறி ஓடினால், மரியாதையாகச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முறைப்பார். பத்துப்பேர் சொன்னால் கேட்பார்.

குடும்பமாகக் கலந்துரையாட

அ. நமது வீட்டில் வாகனம் ஓடுபவர்கள் எவரிடம், எத்தனை நாள் பழகினார்கள்?

ஆ. நம்முடைய அவசரத்தால் வேறொருவரை வேகமாக ஓடத் தூண்டியதுண்டா?

இ. நமது வீட்டிலிருந்து பாடசாலைக்கும் கோவிலுக்கும் செல்லும் வழியில் மிக ஆபத்தான இடம் எது? அதனைத் திருத்த யாரிடம் முறையிடலாம்?

அன்பார்ந்த வாசகர்களே, அந்தத் தாய் இன்றும் ஒவ்வொரு மாதமும் தம் மகனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார். அவருடைய இளைய மகனுக்கு இப்போது பதினெட்டு வயது. சென்ற மாதம் அவனும் மோட்டார் சைக்கிள் கேட்டானாம். அவர் மறுக்கவில்லை, அண்ணனுக்குப் போட்ட தடையை இவனுக்கும் போடமுடியாத காலம் இது என்கிறார். ஆனால் தம் சகோதரரை அழைத்து, “மூன்று மாதம் இவனைப் பழக்கு. இருட்டிலும் மழையிலும் கூட்டிக்கொண்டு போ. நீ சரியெண்டால்தான் திறப்புக் குடுப்பன்” என்று சொல்லியிருக்கிறார்.

முன்பு கேட்காத கேள்வியை இப்போது கேட்டுவிட்டார். நமது வீடுகளில் அக்கேள்வியை, சேமக்காலைக்குச் செல்வதற்கு முன்னரே கேட்போமாக.